சூரியன் எவ்வளவு தூரம்? பாண்டிச்சேரியில் மேகம் மறைத்த கணக்கு

இந்த எபிசோடு ஒரே ஒரு நம்பரைப் பத்தி. 15 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இடையில இருக்கிற சராசரி தூரம். ஸ்கூல் புக்ல ஒரு வரியில வந்துட்டுப் போயிடும். ஒரு மார்க் கேள்வி. எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

ஆனா இதை யார் அளந்தாங்க, எப்படி அளந்தாங்க? டேப் பிடிக்க முடியாது. போய்ப் பார்த்துட்டு வரவும் முடியாது. வெறும் கண்ணால உத்துப் பார்க்கக்கூட முடியாத ஒரு பொருள் அது. அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க மனுஷங்க என்னென்ன செஞ்சாங்கன்னு பார்க்கப் போறோம். அதுல ஒருத்தர் நம்ம பாண்டிச்சேரிக்கு வந்து உட்கார்ந்தவர். அவர் கதைதான் இந்த எபிசோடோட மையம்.

முதல்ல தூரங்களைக் கொஞ்சம் உணர்ந்து பார்ப்போம். ஒரு சர்வருக்கு பிங் அனுப்பினா பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிறது என் அன்றாட பொழப்பு. அதனால எனக்குத் தூரம்னாலே லேட்டன்சிதான் ஞாபகம் வரும். சூரியனிலிருந்து ஒளி கிளம்புதுன்னு வைங்க. புதனுக்குப் போய்ச் சேர 3 நிமிஷம். வெள்ளிக்கு 6 நிமிஷம். நமக்கு 8 நிமிஷம் 19 விநாடி. செவ்வாய்க்குக் கிட்டத்தட்ட 13 நிமிஷம்.

இதுவரைக்கும் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஸ்டாப் மாதிரி இருக்கு, இல்லையா? அடுத்த ஸ்டாப் வியாழன். 43 நிமிஷம்! சனிக்கு 1 மணி 20 நிமிஷம். யுரேனஸுக்கு 2 மணி 40 நிமிஷம். நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கும் மேல. புத்தகத்துப் படத்துல எல்லாக் கோளும் வரிசையா, சமமான இடைவெளியில உட்கார்ந்திருக்கும். பேப்பர்ல இடம் இல்லாததால அப்படிப் போடுறாங்க. நிஜத்துல செவ்வாய் தாண்டினதும் ஊரே முடிஞ்சு வெறும் காடு ஆரம்பிக்கிற மாதிரிதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அளவுகோல் இல்லாத மேப்

ஜோசியத்தை நீங்க நம்புறீங்களா இல்லையாங்கிறது வேற விஷயம். அதுக்குள்ள நான் போகல. ஆனா குரு வருஷத்துக்கு ஒரு ராசி மாறும், சனி ரெண்டரை வருஷத்துக்கு ஒரு ராசி மாறும்னு நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 12 ராசி. அப்போ குரு, அதாவது வியாழன், ஒரு முழுச் சுற்று முடிக்க 12 வருஷம். கும்பகோணத்துல மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது இதனாலதான். சனிக்கு 30 வருஷம். "முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை"ன்னு பெரியவங்க சொல்வாங்களே, அதே முப்பது.

இந்த ரெண்டு நம்பரை மட்டும் வச்சு நாம ஒரு வேலை செய்யலாம். 1619-ல் ஜெர்மானிய வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர் ஒரு விதியை வெளியிட்டார். ஒரு கோள் சூரியனைச் சுற்றி வர எத்தனை வருஷம் ஆகுதோ, அதை ஸ்கொயர் பண்ணுங்க. வர்ற விடைக்கு க்யூப் ரூட் எடுங்க. அதுதான் அந்தக் கோளோட தூரம். அவ்வளவுதான் விதி.

குருவுக்குப் போட்டுப் பார்ப்போம். 12 ஸ்கொயர் 144. அதோட க்யூப் ரூட் 5.24. சனிக்கு 30 ஸ்கொயர் 900. க்யூப் ரூட் 9.65. இன்னைக்கு நாம துல்லியமா வச்சிருக்கிற மதிப்பு என்ன தெரியுமா? 5.2, 9.5. தினசரி காலண்டர்ல இருக்கிற தகவலை வச்சே இவ்வளவு கிட்ட வந்துட்டோம்!

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. 5.2 என்ன? கிலோமீட்டரா? மைலா? ரெண்டும் இல்ல. பூமி சூரியனிலிருந்து எவ்வளவு தூரமோ, அதைப் போல 5.2 மடங்கு. அந்த ஒரு மடங்கு எத்தனை கிலோமீட்டர்னு கெப்ளருக்குத் தெரியாது. அவர் காலத்துல யாருக்குமே சரியாத் தெரியாது.

மொபைல்ல மேப் திறந்தா ஓரத்துல ஒரு சின்னக் கோடு இருக்கும், '500 மீட்டர்'னு போட்டு. அந்தக் கோட்டை மட்டும் அழிச்சிட்டா என்ன ஆகும்? எந்தத் தெரு எந்தத் தெருவை விட நீளம்னு சொல்லிடலாம். நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியாது. சூரியக் குடும்பத்தோட மேப் அப்படித்தான் இருந்துச்சு. இத்தனைக்கும் கிரகணம் எப்போ, பௌர்ணமி எப்போன்னு கணிக்கிறதுக்கு சூரியன் எத்தனை கிலோமீட்டர்னு தெரியணும்னு அவசியம் இல்ல. பஞ்சாங்கம் அது இல்லாமலே நல்லா ஓடுச்சு.

தூரத்தை ஊகிக்க முயற்சி பண்ணாம இல்ல. இரண்டாம் நூற்றாண்டுல டாலமி சொன்ன கணக்கை இன்றைய அளவில் மாற்றினால் சூரியன் 77 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும். உண்மையில் அதைப் போல சுமார் இருபது மடங்கு. இத்தனைக்கும் அந்த மதிப்பு ஆயிரம் வருஷத்துக்கும் மேல செல்வாக்கோட இருந்துச்சு!

ஹாலி எழுதி வச்ச உயில்

தூரத்தை அளக்க ஒரு பழைய வழி உண்டு. கையை நீட்டி, கட்டை விரலைத் தூக்குங்க. இடது கண்ணை மூடிப் பாருங்க. அப்புறம் வலது கண்ணை மூடிப் பாருங்க. பின்னாடி இருக்கிற சுவர்ல விரல் இடம் மாறுது, பார்த்தீங்களா? விரல் எவ்வளவு தள்ளி இருக்கோ, அவ்வளவு குறைவா நகரும். இதுதான் பாரலாக்ஸ், தமிழ்ல இடமாறு தோற்றம். ரெண்டு கண்ணுக்குப் பதிலா பூமியில் ரெண்டு ஊர், விரலுக்குப் பதிலா சூரியன். தத்துவம் அவ்வளவுதான்.

நடைமுறையில முடியாது. ஏன்னா அந்தக் கோணம் மிக மிகச் சின்னது. சூரியனில் நின்னு பார்த்தா பூமியோட ஆரம் எவ்வளவு பெருசா தெரியும்? ரெண்டரை சென்டிமீட்டர் நாணயத்தை 600 மீட்டர் தள்ளி வச்சுப் பாருங்க. அவ்வளவுதான். ஜொலிக்கிற சூரியன்ல அதை எப்படி அளப்பீங்க?

இங்கதான் எட்மண்ட் ஹாலி வர்றார். ஆமா, வால்மீன் ஹாலியேதான். 1716-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். எப்பவாவது ஒருமுறை வெள்ளிக் கோள் சரியா சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல வரும். அப்போ சூரியன் மேல ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு நகர்ந்து போற மாதிரி தெரியும். வடக்கே இருந்து பார்க்கிறவருக்கும் தெற்கே இருந்து பார்க்கிறவருக்கும் அந்தப் பொட்டு போற பாதை லேசா மாறும். பாதை மாறினா, கடக்க ஆகிற நேரமும் மாறும். கோணத்தை அளக்க வேண்டாம், நேரத்தை அளங்கன்னார் ஹாலி. நல்ல கடிகாரம் அப்போவே இருந்துச்சு. அந்த நேர வித்தியாசத்தை வச்சு வெள்ளியோட தூரத்தைக் கண்டுபிடிச்சிடலாம். ஒரு தூரம் கிடைச்சா போதும், கெப்ளரோட மேப்ல மத்த எல்லாத் தூரமும் தானா கிடைச்சிடும்.

பிரச்சினை என்னன்னா, இந்த நிகழ்வு ரொம்ப அரிது. எட்டு வருஷ இடைவெளியில ஒரு ஜோடியா வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல வராது. அடுத்தது 1761, அதுக்கப்புறம் 1769. கட்டுரை எழுதும்போது ஹாலிக்கு வயசு அறுபதை நெருங்கிட்டுது. 1761 வரைக்கும் தான் இருக்க மாட்டோம்னு அவருக்குத் தெரியும். இளைஞர்களே, நீங்க பார்த்துக்கோங்கன்னு கிட்டத்தட்ட ஒரு உயில் மாதிரி எழுதி வச்சிட்டு 1742-ல் இறந்துட்டார்.

பாண்டிச்சேரிக்குக் கிளம்பியவர்

இந்த அழைப்பை ஏற்று பல நாடுகள் ஆட்களை உலகம் முழுக்க அனுப்பின. பிரான்ஸ் அனுப்பியவர்களில் ஒருவர் கியோம் லெ ஜான்டில். போக வேண்டிய இடம் பாண்டிச்சேரி. 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார், ஜூலையில் மொரீஷியஸ் வந்தார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பாண்டிச்சேரி போக அவருக்குக் கப்பலே கிடைக்கவில்லை. ஒருவழியாக 1761 மார்ச்சில் ஒரு போர்க் கப்பலில் இடம் கிடைத்தது. மலபார் கரையை நெருங்கியபோதுதான் சேதி தெரிந்தது. பாண்டிச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது.

1761 ஜூன் 6. வானம் தெளிவு. வெள்ளி சூரியனைக் கடக்கிறது. லெ ஜான்டில் அதைப் பார்க்கிறார், நடுக்கடலில், ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி. ஊசல் கடிகாரம் கப்பலில் ஒழுங்காக ஓடாது. தான் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா லாக் இருக்கு, ஆனா டைம்ஸ்டாம்ப்பை நம்ப முடியாது. அந்த டேட்டாவை என்ன பண்றது?

அதே நாளில் மதராஸில், ஆங்கிலேயக் கவர்னர் வீட்டிலிருந்து வில்லியம் ஹிர்ஸ்ட் என்ற பாதிரியார் அதே காட்சியை நிதானமாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பாண்டிச்சேரிக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில்.

நாமளா இருந்தா அடுத்த கப்பல் பிடிச்சு வீட்டுக்குப் போயிருப்போம். லெ ஜான்டில் போகல. இன்னும் எட்டு வருஷத்துல அடுத்தது வருதே, இருந்து பார்த்துட்டே போறேன்னு முடிவு பண்ணினார். நடுவில் மடகாஸ்கர் கரைகளை ஆராய்ந்தார். 1766-ல் மணிலாவுக்குப் போனார். அங்கிருந்த ஸ்பானிய கவர்னருக்கு இவர் மேல் சந்தேகம். பாரிஸிலிருந்தும் பாண்டிச்சேரிக்குப் போகும்படி கடிதம் வந்தது. போர் முடிந்து ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. 1768 மார்ச்சில் அவர் பாண்டிச்சேரி வந்து இறங்கினார்.

இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். மதராஸ் ஆங்கிலேயர்கள் ஒரு தொலைநோக்கியைக் கடனாக அனுப்பினார்கள். அந்தக் கோட்டையை இடிச்சதும் ஆங்கிலேயர்கள்தான்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க.

காத்திருந்த அந்த ஒரு வருஷத்துக்கு மேலான காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கிருந்த தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். பேப்பர் கிடையாது, பேனா கிடையாது. மனப்பாடமான சூத்திரங்கள், எண்ணிக்கைக்குச் சோழிகள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்கு அந்த முறையில் வந்த விடையைச் சரிபார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அன்று பேர் பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. நான் முன்னாடி சொன்னேனே, வானத்தோட டைம்டேபிளுக்குக் கிலோமீட்டர் தேவை இல்லைன்னு. அதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா?

1769 ஜூன் 4 காலை. பாண்டிச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி பாதிக்கு மேல் கடந்திருக்கும். உதயத்துக்குப் பிறகு, அது வெளியேறும் தருணத்தை அளக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம் முழுக்கக் காலை வானம் பளிச்சென்று இருந்தது. முந்தின நாள் இரவுகூட கவர்னரோடு சேர்ந்து வியாழனின் நிலாக்களைப் பார்த்திருந்தார். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் வானம் முழுக்க மேகம். காற்று எழும்பியது. சூரியன் தெரியவே இல்லை. வெள்ளி கடந்து முடிந்த பிறகு மேகம் விலகி வெயில் அடித்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம்.

இரண்டு வாரம் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை.

அப்புறம் சீதபேதி. கிளம்பின கப்பல் புயலில் அடிபட்டு மொரீஷியஸுக்கே திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் ஐரோப்பா வந்து, மலை கடந்து 1771 அக்டோபரில் பிரான்ஸ் மண்ணை மிதித்தார். கிளம்பி 11 வருஷம் 6 மாதம் 13 நாள். ஊரில் அவர் இறந்துவிட்டதாக முடிவு பண்ணிவிட்டார்கள். வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தயாராக இருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடம் இன்னொருவருக்குப் போயிருந்தது. இணையத்தில் 'அவர் மனைவி வேறு கல்யாணம் பண்ணிக்கிட்டார்'னு ஒரு மசாலாவும் சேர்த்திருப்பாங்க. அது உண்மை இல்ல. அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டதே திரும்பி வந்த பிறகுதான். ஒரு மகள் பிறந்தாள். தன் பயணத்தை ரெண்டு பாகப் புத்தகமா எழுதினார். அதில் நம்ம ஊர் வானியலும் இருக்கு. 1792-ல் காலமானார்.

நம்பர் கிடைச்சதா?

கிடைச்சுது. அதே 1769-ல் கேப்டன் ஜேம்ஸ் குக் குழு டாஹிட்டித் தீவில் அளந்தது. நார்வேயின் வடகோடியில் மாக்ஸிமிலியன் ஹெல் அளந்தார். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் பிரெஞ்சுக்காரர் ஷாப் அளந்தார். அளந்து முடித்த சில வாரங்களில் அங்கே பரவிய தொற்றுநோயில் அவர் இறந்துபோனார். அவர் குறிப்புகள் மட்டும் பாரிஸ் போய்ச் சேர்ந்தன.

எல்லாருக்கும் ஒரு பொதுவான தொல்லையும் இருந்தது. வெள்ளி சூரியனோட விளிம்பைத் தொடும் நேரத்தில் அந்தப் பொட்டு, ஒட்டிக்கொண்ட துளி மாதிரி இழுபட்டுத் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களே வேறு வேறு விநாடியைக் குறித்தார்கள்.

இருந்தும் 1771-ல் ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி இந்தக் குறிப்புகளைத் தொகுத்துச் சொன்ன தூரம், இன்றைய கணக்கில் சுமார் 15 கோடியே 8 லட்சம் கிலோமீட்டர். உண்மை மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்!

அடுத்த ஜோடி 1874-லும் 1882-லும் வந்தது. 1874-க்கு முன்பு மதராஸ் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இது என்ன நிகழ்வு என்று சாதாரண மக்களுக்கு விளக்க ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி, உரையாடல் வடிவத்துல. அந்தக் காலத்து பாட்காஸ்ட்னு வச்சுக்கலாம்.

கடைசியில் கதையை முடிச்சது பிங்தான். 1961-ல் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து வெள்ளிக்கு ரேடார் அலையை அனுப்பி, எதிரொலி திரும்பி வர ஆன நேரத்தை அளந்தார்கள். அதுவரை பலரும் பயன்படுத்திய மதிப்பில் சுமார் 70,000 கிலோமீட்டர் பிழை இருப்பது தெரிந்தது. அடுத்த வருஷமே மரினர் 2 விண்கலம் வெள்ளியை 35,000 கிலோமீட்டர் பக்கத்தில் கடந்து போனது. இப்போ புரியுதா, அந்தப் பிழையைத் திருத்தினது எவ்வளவு முக்கியம்னு? 2012-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் இந்த அலகை நிரந்தரமாக நிர்ணயித்தது. 14,959 கோடியே 78 லட்சத்து 70 ஆயிரத்து 700 மீட்டர். இனி மாறாது.

இந்தக் கதையில என்னை உறுத்துற ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு முடிக்கிறேன். ஹாலியோட திட்டத்தை ஒரு என்ஜினீயரா பார்த்தா அருமையான டிசைன். எங்கேயோ மேகம் வரும்னு தெரியும். அதனாலதான் ஒரே இடத்தை நம்பாம உலகம் முழுக்க ஆட்களை அனுப்பச் சொன்னார். சில நோடு ஃபெயில் ஆனாலும் சிஸ்டம் ஓடும். ஓடுச்சு. ஆனா ஃபெயில் ஆன அந்த நோடு, பதினோரு வருஷம் கடல்ல அலைஞ்ச ஒரு மனுஷன். ஹார்ன்ஸ்பியோட விடையில லெ ஜான்டிலோட ஒரு விநாடிகூட இல்ல. டிசைன் ஜெயிச்சதைச் சொல்லி அவருக்கு ஆறுதல் சொல்ல முடியும்னு எனக்குத் தோணல. ஆனா அவர் மாதிரி போகத் தயாரா நாலு பேர் இல்லாட்டி அந்த டிசைன் வெறும் பேப்பர்தான். அதுவும் உண்மை.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பர்ல. நாம இருக்க மாட்டோம். அதனால உங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். செவ்வாய் சூரியனைச் சுத்தி வர 687 நாள். அதை வருஷமா மாத்தி, கெப்ளர் விதியைப் போட்டு, செவ்வாய் எவ்வளவு தூரம்னு கண்டுபிடிச்சு அனுப்புங்க. முதல்ல மடங்குல சொல்லுங்க. அப்புறம் கிலோமீட்டர்ல சொல்லுங்க. ரெண்டாவது விடையை எழுதும்போது அந்த 15 கோடியால பெருக்க வேண்டி வரும். அப்போ பாண்டிச்சேரிக்காரரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.